வழிமொழிய ஒருவர்

ஓட்டைக் கெட்டில் ஓடை, மொன்டானா
ஜனவரி 11, 1998

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரர் நாரிஸும் டகோமா மழையில் முளைவிட்டுப் போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. காது இன்னும் மோசமாகிவிட்டது. நீ தொலைபேசியில் பேசினால் தகர டப்பாவுக்குள் கோழி கத்துவது போலக் கேட்கிறது. அதனால் கடிதமே எழுது.

விஷயம் இதுதான். ஓடை இரண்டு வருஷமாக ஓடவில்லை. சங்கத்து மேய்ச்சல் நிலத்துக் குட்டை போன ஆகஸ்டிலேயே சேறாகி, என் மாடுகள் இரண்டு அதில் சிக்கிச் செத்தன. புல் கிடக்கிறது, தண்ணீர்தான் இல்லை. இந்தக் கோடையும் இப்படியே போனால் அக்டோபரில் மந்தையை விற்றுவிட வேண்டியதுதான். விற்றபின் எழுபத்தாறு வயதுக் கிழவன் காலையில் எதற்காக எழுந்திருப்பது? நீயே சொல்.

மண்வள அலுவலகத்துக்கு டெல்கடோ என்று ஒரு டெக்சஸ்காரப் பெண் வந்திருக்கிறாள். நில உரிமையாளர்களுக்கும் சங்கங்களுக்கும் மத்திய அரசு தரும் மானியங்கள் என்று ஒரு புத்தகம் கொடுத்தாள். தலைக்கு வைத்துத் தூங்கலாம், அவ்வளவு தடிமன். கிணறு, சூரிய ஒளியில் ஓடும் பம்பு, இரண்டு மைல் குழாய், தொட்டிகள். முக்கால் பங்கு வாஷிங்டன் தரும். மீதிக்கு நாமே பள்ளம் தோண்டினால் போதும். ஏப்ரல் 30 கடைசி நாள்.

நிலம் சங்கத்தின் பேரில் இருப்பதால் மனுவும் சங்கத்தின் பேரில்தான் போக வேண்டும். கூட்டம் கூட்டி, ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, தீர்மானத்தை இணைக்க வேண்டும். ஒன்பது குடும்பம் இருந்த சங்கத்தில் மிச்சம் இருப்பது இரண்டு பேர். நானும், பக்கத்துப் பண்ணை செல்மர் ரூடும்.

டெல்கடோ கேட்டாள்: “சார், ரெண்டு பேர்தானே, சுலபமா முடிஞ்சிரும். பேசிக்குவீங்கல்ல?”

“இந்தக் கேள்வி படிவத்துல எத்தனாவது பக்கத்துல இருக்கு?” என்றேன். சிரித்துவிட்டாள்.

நீ கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள். அவனிடம் பேசாமலேயே இதை முடிக்க ஏதாவது வழி இருந்தால் எழுது.

நாரிஸுக்கு என் வணக்கம். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய மாட்டிறைச்சி கெடாமல் வந்ததா?

உன் அண்ணன்
பாமர்


டகோமா
ஜனவரி 24

அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பாதி உடம்பு தேறிவிடும். மூட்டுவலி வழக்கம்போல. மழையும் வழக்கம்போல.

இறைச்சி வந்தது. அத்தனை பெரிய துண்டு இந்த வீட்டுக்கு எதற்கு? பதினோரு வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன், நீ கேட்பதாக இல்லை. நாரிஸ் நன்றாக இருக்கிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

வழி ஒன்றும் கிடையாது. வழிமொழிபவர் இல்லாத தீர்மானம் செல்லாத காகிதம். நான் வேண்டுமானால் இங்கிருந்தே வழிமொழிந்து அனுப்பட்டுமா? என் பேரில் ஒரு மாடு எழுதி வை, உறுப்பினர் ஆகிவிடுகிறேன். கிண்டல்தான், கோபப்படாதே.

செல்மரோடு உனக்கு என்ன பகை என்று நான் கேட்காத வருஷம் இல்லை. வேலியா, காளையா, என்ன எழவோ. உன் வாயிலிருந்து வந்ததே இல்லை. ரெண்டு கிழவர்கள், எட்டு மைல் சாலை, வேறு வீட்டில் புகை கிடையாது. வெட்கமாக இல்லையா? பிப்ரவரியில்தானே வருடாந்திரக் கூட்டம்? ஒரு வார்த்தை பேசித் தொலை.

கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள், பெட்டியில் பூட்டி வைக்காதே.

ஆர்டிஸ்


ஓட்டைக் கெட்டில் ஓடை
பிப்ரவரி 9

ஆர்டிஸுக்கு,

சுகம். காலுறை காலில்தான் இருக்கிறது, சந்தேகப்படாதே. நாரிஸின் இருமல் நின்றதா?

சனிக்கிழமை கூட்டம் நடந்தது. பழைய பள்ளிக்கூடத்தில்தான். நான் அடுப்புப் பக்கம், அவன் ஜன்னல் பக்கம். அவனுக்கு ஒரு பிளாஸ்கு காபி, எனக்கு ஒரு பிளாஸ்கு காபி. தலைவர் நான், செயலாளரும் நான். போன வருஷக் குறிப்பை நானே எழுதி, நானே வாசித்து, நானே ஏற்றுக்கொண்டேன்.

வருஷா வருஷம் அவன் எதையாவது முன்மொழிவான். வேலிக் கம்பி மாற்ற வேண்டும், உப்புக்கட்டி வாங்க வேண்டும் என்று. நான் வாயைத் திறக்க மாட்டேன். “வழிமொழிய ஒருவரும் இல்லாததால் கைவிடப்பட்டது” என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வருவேன். அப்புறம் அவனவன் பக்கத்து வேலியை அவனவன் சரிசெய்துகொள்வோம்.

இந்த வருஷம் அவனும் அந்தப் புத்தகத்தை வாங்கியிருக்கிறான். எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, “கிணத்துக்கும் குழாய்க்கும் மத்திய அரசு மானியம் கேட்டு மனுப் போடணும்னு முன்மொழியறேன்” என்றான். சொல்லிவிட்டு உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு வேண்டியதும் அதுதான் ஆர்டிஸ். என் மாடுகளின் உயிர் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. அடுப்பில் விறகு சரியும்வரை உட்கார்ந்திருந்தேன். வாய் வரவில்லை. “வழிமொழிய ஒருவரும் இல்லாததால்” என்று எழுதினேன். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சாலையில் எதிரே வந்தவன், வழக்கம்போல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான். இந்தச் சாலையில் எதிரே வருபவன் திருடனானாலும் ஒரு விரல் தூக்குவோம், உனக்குத் தெரியாததல்ல. அவனுக்கு மட்டும் நான் தூக்குவதில்லை. அவன் நிறுத்தின பாடில்லை.

பாமர்


டகோமா
பிப்ரவரி 20

அண்ணா,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்தபின் உன்னைத் திட்டாமல் இருக்க முடியவில்லை.

அவன் முன்மொழிந்தானாம், இவர் வாயை மூடிக்கொண்டு எழுதினாராம்! மாடு விக்கிச் சாகட்டும், என் வீம்பு வாழட்டும் என்கிறாய். மந்தையை விற்றுவிட்டு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வாய்? எனக்கு அந்தத் தனிமை என்னவென்று தெரியும், அதனால் சொல்கிறேன்.

காரணத்தைச் சொல். இந்தத் தடவை சொல்லாவிட்டால் நான் பதில் போட மாட்டேன்.

ஆர்டிஸ்


ஓட்டைக் கெட்டில் ஓடை
மார்ச் 8

ஆர்டிஸுக்கு,

நலம். கிடேரிகள் ஈனத் தொடங்கிவிட்டன. தூக்கம் இல்லை, ஆனால் பசி இருக்கிறது. ‘எனக்கு அந்தத் தனிமை தெரியும்’ என்று எழுதியிருக்கிறாயே, நாரிஸ் எங்கே போய்விட்டார்? வீட்டில் பேச்சு வார்த்தை இல்லையா உங்களுக்கு?

காரணம் கேட்டாய். நான் சொல்ல மாட்டேன் என்றிருந்ததில்லை. சொன்னால் அழுகிறது போல ஆகிவிடும் என்றுதான்.

அவன் வெல்மாவின் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

அவ்வளவுதான். சர்ச்சில் இடமில்லாமல் ஆட்கள் வெளியே பனியில் நின்றார்கள். நாற்பது மைலுக்கு அப்பாலிருந்து வந்தார்கள். என் மனைவியை நான் மண்ணில் வைக்கும்போது, முப்பது வருஷம் என் மேஜையில் அவள் கையால் சாப்பிட்டவன் வரவில்லை. நான் அவன் உட்காரும் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். காலியாகக் கிடந்தது. மறுநாளும் வரவில்லை, அடுத்த வாரம் சாலையில் விரலைத் தூக்கிக்கொண்டு போகிறான், ஒன்றுமே நடக்காதது போல!

அவனை விடு. உன் நாரிஸை நினைத்துப் பார். செருப்புக் கடைக்காரர், அன்று என் வீட்டில் காய்ச்சலில் கிடந்தவர், மாட்டைத் தொட்டே பழக்கமில்லாதவர். நாம் எல்லோரும் சர்ச்சில் இருந்தபோது எழுந்து போய் என் இரண்டு தலையீத்துக் கிடேரிகளுக்குப் பிரசவம் பார்த்தாரே! நான் திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு கன்றும் ஈரம் துடைத்து, தொப்புளில் அயோடின் தடவி, நின்று பால் குடித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு எனக்கு நல்லதாக நடந்தது அது ஒன்றுதான். இறைச்சி அனுப்பாதே என்கிறாய். நான் சாகும்வரை அனுப்புவேன்.

பாமர்


டகோமா
ஏப்ரல் 12

அண்ணா,

ஐந்து வாரமாக நான் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எழுத உட்கார்ந்து, எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். ஒரே ஒரு தட்டுதான் இருக்கும். அதையே இரண்டு தடவை கழுவினேன்.

முதலில் நான் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். நாரிஸ் வீட்டில் இல்லை. போன நவம்பரிலேயே முதியோர் காப்பகத்தில் சேர்த்துவிட்டேன். ஞாபகம் போய்விட்டது. என்னைச் சில நாள் தெரிகிறது, சில நாள் “கடை மூடியாச்சும்மா, நாளைக்கு வாங்க” என்கிறார். உனக்கு எழுதினால் நிஜமாகிவிடும் என்று எழுதவில்லை.

இனி மற்றது. கொட்டகையில் இருந்தது நாரிஸ் இல்லை, செல்மர்.

அன்று காலை எட்டு மணிக்கு அவன் சமையலறைக் கதவைத் தட்டினான். சர்ச்சுக்குப் போகிற கோட்டுக்கு மேலேயே மேலங்கி போட்டிருந்தான். “ரெண்டு கிடேரிக்கு இன்னிக்குதான் நாள். நான் பாத்துக்கறேன். பாமர்கிட்ட சொல்லாத. சொன்னா அவனே கொட்டகைக்கு வந்து நிப்பான். இன்னிக்கு ஒரு நாளாவது வெல்மாகூட இருக்கட்டும்” என்றான். நான் தலையாட்டினேன். நம் ஊரில் சாவு வீட்டு மாட்டை ஒருவர் பார்த்துக்கொள்வது புதிதா என்ன! நீ அதை யோசிக்காமலா இருப்பாய் என்றுதான் இத்தனை காலமும் நினைத்தேன்.

நாம் திரும்பி வருவதற்குள் அவன் போய்விட்டான். நீ நேராகக் கொட்டகைக்குப் போனாய். அங்கிருந்து உள்ளே வந்தாய். நாரிஸ் சோபாவில் படுத்திருந்தார். நீ அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாய். நீ அழுது நான் பார்த்ததே அன்றுதான்.

இரவில் அவர் என்னிடம் சொன்னார்: “நான் இல்லன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன் ஆர்டிஸ். இருபத்தஞ்சு வருஷமா உங்க வீட்டுல நான் செருப்புக் கடைக்காரன். இன்னிக்குத்தான் உங்கண்ணன் என் கையப் பிடிச்சாரு. விட மனசு வரல.”

செல்மர் ஒரு வாரத்தில் உன்னிடம் சொல்லிவிடுவான், நீ நாரிஸைப் பார்த்துச் சிரிப்பாய், அத்தோடு முடியும் என்று நினைத்து ஊருக்குத் திரும்பினேன். உங்கள் பகை இதனால்தான் என்று போன மாதம்தான் எனக்குத் தெரியும். அதுவரை சத்தியமாகத் தெரியாது.

தெரிந்தபின்னும் ஐந்து வாரம் இழுத்தேன். ஏனென்றால் நாரிஸுக்கு மிச்சமிருக்கும் ஞாபகங்களில் அந்தக் கன்றுக்குட்டி ஒன்று. தானே அதற்குப் பிரசவம் பார்த்ததாகத் தாதிகளிடம் தினமும் சொல்கிறார். அதை அவரிடமிருந்து பிடுங்குவது போலிருந்தது.

ஏப்ரல் 30 உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

ஆர்டிஸ்


ஓட்டைக் கெட்டில் ஓடை
ஏப்ரல் 18

ஆர்டிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

பாமர்


ஓட்டைக் கெட்டில் ஓடை
மே 3

அன்புத் தங்கைக்கு,

போன கடிதத்தில் நான்கு வரி எழுதியதற்கு மன்னித்துவிடு. உன்மேல் கோபம்தான். அதைவிட என்மேல். கன்றுக்கு அயோடின் தடவத் தெரிந்த செருப்புக் கடைக்காரன் உலகத்தில் எங்கே இருக்கிறான் என்று பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லையே!

அந்த ஞாயிறு சர்ச் முடிந்து நேராக அவன் பண்ணைக்குப் போனேன். டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. அவன் வெளியே வரட்டும் என்று நின்றால் என் தைரியம் போய்விடும். அதனால் பூட்ஸிடமே கேட்டேன்.

“அன்னிக்கு என் கொட்டகையில நீயாடா இருந்த?”

உள்ளே ஸ்பானர் நின்றது. “என்னிக்கு?”

“வெல்மாவை எடுத்த அன்னிக்கு.”

“ஆமா.” மறுபடி ஸ்பானர் ஓடத் தொடங்கியது.

“ஏன்டா சொல்லல?”

“நீ கேக்கலையே.”

“பதினோரு வருஷமாடா?”

அப்போதுதான் வெளியே வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் கிரீஸ். “நானே வந்து சொன்னா கூலி கேக்க வந்தவன் மாதிரி இருக்காதா? அதுவுமில்லாம, நீ எதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்னே எனக்குத் தெரியாது. என் காளை ஏதோ வேலி தாண்டிருச்சுன்னு நெனச்சேன்.”

“எந்தக் காளை?”

“அதைத்தான் பதினோரு வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். அவனே சொன்னான், சிவப்புக் கிடேரியின் கன்றுக்கு ஒரு கால் மடங்கியிருந்ததாம், கையை உள்ளே விட்டு நேராக்கி எடுத்தானாம். அந்தச் சிவப்பி அப்புறம் ஒன்பது கன்று போட்டாள் என்றேன். “அப்படியா!” என்றான். அந்த ஒன்பதையும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

கூட்டத்தை அவன் சமையலறையிலேயே கூட்டினோம். ஒரே பிளாஸ்கு. அவன் எழுந்து நின்று பழைய தீர்மானத்தை முன்மொழிந்தான். “வழிமொழியறேன்” என்றேன்.

“என்ன?”

“வழிமொழியறேன்டா.”

“கேக்கல.”

செவிடு நான். அவனுக்குப் பாம்புக் காது. ஆனாலும் மூன்றாவது தடவை சத்தமாகவே சொன்னேன். போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

29ஆம் தேதி மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரே வண்டியில். டெல்கடோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, சமர்த்துப் பெண்.

நாரிஸிடம் எதுவும் சொல்லாதே. அந்தக் கன்று அவருடையதாகவே இருக்கட்டும். இறைச்சி டிசம்பரில் வரும். காப்பகத்துக்கு அனுப்பவா, வீட்டுக்கா?

நீ ஒரே தட்டு என்று எழுதியதை நினைத்துக்கொண்டேயிருக்கிறேன். என் வீட்டிலும் அதுதான். இருவரும் ஒரே நேரத்தில் கழுவுகிறோம் என்று வைத்துக்கொள்.

பாமர்


டகோமா
ஜூலை 19

அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மூட்டு தேவலை. மழைகூடக் கொஞ்சம் விட்டிருக்கிறது.

மானியம் கிடைத்ததாக நீ அனுப்பிய அட்டை வந்தது. ரெண்டு வரி! அரசாங்கம்கூட உன்னைவிட நீளமாக எழுதும். வெயிலில் இரண்டு கிழவர்கள் பள்ளம் தோண்டி மயங்கி விழப்போகிறீர்கள் என்று எனக்குக் கவலை. செல்மரின் மகள் ஜோலின் மின்னியாபோலிஸில்தானே இருக்கிறாள்? அவளுக்காவது தெரியுமா, அப்பா இந்த வயதில் மண்வெட்டி பிடிப்பது?

நாரிஸ் இளைத்துவிட்டார். நான் போனால் எழுந்து நாற்காலி தருகிறார், முன்பின் தெரியாதவளுக்குத் தருவது போல. அது வலிக்கிறது அண்ணா. மரியாதையாகத்தான் நடத்துகிறார், அதுதான் வலிக்கிறது. வீட்டுக்கு வந்தால் ரேடியோவை இரண்டு அறையிலும் போட்டு வைக்கிறேன்.

ஆர்டிஸ்


ஓட்டைக் கெட்டில் ஓடை
அக்டோபர் 18

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். இடுப்பு இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. நாரிஸ் எப்படி என்று மறைக்காமல் எழுது.

தண்ணீர் வந்துவிட்டது!

கோடை முழுக்கத் தோண்டினோம். இயந்திரம் வாடகைக்கு எடுத்தோம், கல் வந்த இடத்தில் கையால். செல்மர் ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவான், அதில் நான்கு மண்வெட்டியைப் பற்றி. ஜோலினுக்குத் தெரியாது. “சொன்னா நர்ஸ் மாதிரி போன் பண்ணிக்கிட்டே இருப்பா” என்றான்.

தொட்டிகள் சுரங்க லாரி டயர்கள். என் உயரத்துக்கு மேல் நிற்கும் டயரைப் படுக்கப் போட்டு, நடுவில் சிமெண்ட் பூசினால் நூறு வருஷத் தொட்டி. குழாய் ஆழத்தில் போவதால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை உறையாது என்கிறாள் டெல்கடோ. வால்வை மட்டும் குளிரில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் தண்ணீர் சிவப்பாக வந்தது, அப்புறம் தெளிந்தது. நாங்கள் இருவரும் குனிந்து கையால் அள்ளிக் குடித்தோம். மாடுகள் எங்களைத் தள்ளிவிட்டன. அவன் மாடு எது, என் மாடு எது என்று முத்திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசித் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பத்து வருஷம் சங்கம் இதைப் பராமரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. டெல்கடோ எங்கள் வயதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். “எழுதிக்கம்மா, பத்து வருஷம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்ல, பேசாமலேயே இருந்துருவோம்” என்றான் செல்மர்.

மந்தையை விற்கவில்லை. சாலையில் நான் இப்போது விரலைத் தூக்குகிறேன். அவனுக்கு முன்னால் தூக்கிவிட வேண்டும் என்று தூரத்திலேயே தயாராகிவிடுகிறேன்.

பாமர்


டகோமா
நவம்பர் 15

அண்ணா,

உன் இடுப்பு தேறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை. நாரிஸுக்கு நெஞ்சில் சளி. மறைக்கவில்லை, பார்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று கன்றுக்குட்டிக் கதையைப் புதுத் தாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனப்பாடம். ஆனால் நடுவில் நிறுத்தி, “நான் மட்டும் இல்லம்மா. இன்னொருத்தரும் அங்க இருந்தாரு. அவருதான் எல்லாம் பண்ணாரு. பேரு வரமாட்டேங்குது” என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“செல்மர்” என்றேன்.

“ஆங், செல்மர். நல்ல மனுஷன்” என்றார்.

இதை செல்மரிடம் சொல்லிவிடு.

ஆர்டிஸ்


ஓட்டைக் கெட்டில் ஓடை
டிசம்பர் 6, 1998

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

நாரிஸின் சளி இறங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே செல்மருக்கு வாசித்துக் காட்டினேன். “நாரிஸுக்கு இந்தத் தடவ என் மாட்டுலேருந்து அனுப்பு” என்றான். அப்புறம் ஒரு வாரம்தான் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் வண்டி சாலையில் வரவில்லை. போய்ப் பார்த்தேன். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒரு பூட்ஸ் காலில், ஒரு பூட்ஸ் கையில். மாட்டுக்குத் தண்ணீர் பார்க்கத்தான் கிளம்பியிருக்கிறான்.

ஜோலின் வந்தாள். என் வீட்டுக்கே வந்து, “அப்பாவோட பெட்டியத் தூக்க நீங்க முதல் ஆளா நிக்கணும் மாமா” என்றாள். நான், “முடியாது, எனக்கு வேலை இருக்கு” என்றேன். முகம் அப்படியே போய்விட்டது அவளுக்கு. வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

வேறு என்ன செய்வது? அடக்கத்தன்று, வெள்ளிக்கிழமை, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு. காற்று வேறு. வால்வு உறைந்தால் அவன் மாடும் என் மாடும் சேர்ந்து நூற்றிருபது தலை தண்ணீரில்லாமல் நிற்கும். பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக்கொள்ள, பக்கத்துப் பண்ணை என்று இப்போது ஏதும் இல்லை. இருந்தவன் பெட்டிக்குள் இருந்தான்.

நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் மேலங்கி போட்டுக்கொண்டு, விடியும்போதே தொட்டிக்குப் போய்விட்டேன். வால்வுக்கு வெந்நீர் ஊற்றி, ஓரத்துப் பனிக்கட்டியைக் கோடாலியால் உடைத்துக்கொண்டேயிருந்தேன். அவன் மாடுகள் முதலில் குடிக்கட்டும் என்று என் மாடுகளை விரட்டினேன். ஒன்றுக்கும் அர்த்தமில்லை, ஆனால் அப்படித்தான் செய்தேன். அழுதேன் ஆர்டிஸ். கன்னத்திலேயே உறைந்தது.

பதினோரு மணிக்குமேல் சவ வண்டி சர்ச்சிலிருந்து கல்லறைக்குப் போக மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய சாலையில் வந்தது. பின்னால் வண்டிகள். எல்லோரும் என்னைப் பார்த்திருப்பார்கள், பாமர் ஹாக்லண்ட் இன்னும் வீம்பு பிடித்துக்கொண்டு மாடு மேய்க்கிறான் என்று. நான் கோடாலியைக் கீழே போட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு விரலைத் தூக்கினேன். வண்டிகள் எல்லாம் போய் முடியும்வரை தூக்கியபடியே நின்றேன்.

அவன் பங்கு இப்போது ஜோலினுக்கு. விற்பாளோ வைத்திருப்பாளோ தெரியாது. பிப்ரவரியில் கூட்டம். அவள் வராவிட்டால் நான் முன்மொழிந்து நானே “ஒருவரும் இல்லாததால்” என்று எழுத வேண்டியதுதான். அது பெரிதில்லை. அந்தப் பெண் அப்பாவின் சாவுக்கு அவருடைய சிநேகிதன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு சாலை முழுக்க அழுதுகொண்டே ஊருக்குப் போயிருப்பாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானே போய்ச் சொன்னால் கூலி கேட்க வந்தவன் போலிருக்கும்.

அவள் முகவரியை இதோடு வைத்திருக்கிறேன். நான் அன்று எங்கே இருந்தேன் என்று நீ எழுது. இதைப் படித்து முடித்ததும் எழுது, ஆர்டிஸ். தட்டை அப்புறம் கழுவிக்கொள்ளலாம். இந்தத் தடவை பதினோரு வருஷம் எடுத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்
பாமர்